பலகைப் பையன்

ஊரிலிருந்து யார் வந்தாலும் மன்ஹாட்டனில் நான் தவறாமல் அழைத்துப் போகும் இடங்களில் ஐந்தாம் அவென்யூவில் உள்ள ஆப்பிள் கடையும் ஒன்று. தரைக்கு மேலே வெறும் கண்ணாடிப் பெட்டி, கடை கீழே பாதாளத்தில். படம் எடுத்து ஊரில் காட்ட வசதியான இடம். சென்ற கோடையில் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். சித்தி விதவிதமான கோணங்களில் படம் எடுத்துக் கொண்டிருக்க, நான் வழக்கம் போல 59ஆம் தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர் முனையில் உயர்ந்து நிற்கும் கட்டடத்தைப் பார்த்துக் கொண்டு நின்றேன். ஷெர்ரி நெதர்லாண்ட் என்ற ஹோட்டல் அது. வாசல் நடைபாதையில் கம்பத்தின் மேல் பழைய கடிகாரம் ஒன்று உண்டு. அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று சித்தப்பா கேட்டார்.

1940 நவம்பர் 28ஆம் தேதி மாலை, அந்த ஹோட்டலில் தன் வழக்கமான மேசையில் உட்கார்ந்து மது அருந்திவிட்டு, சிறிய குறிப்பேடு ஒன்றில் மனைவிக்குச் சில பக்கங்கள் எழுதிவிட்டு, மேல்கோட்டுகளை மாட்டி வைக்கும் அறைக்குள் போய்த் தன்னைத் தானே சுட்டுக் கொண்டார் ஒருவர். அப்போது அவருக்கு வயது 63. பெயர் ஜெஸ்ஸி லாரிஸ்டன் லிவர்மோர். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவே திவாலாகிக் கொண்டிருந்த வாரங்களில், ஏறக்குறைய 10 கோடி டாலர் சம்பாதித்தவர் என்று சொல்லப்படுபவர்.

சித்தப்பா கூட்டுறவு வங்கியில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பங்குச்சந்தை என்றாலே அவருக்குச் சீட்டாட்டம்தான். ஆனாலும் கதை கேட்கப் பிடிக்கும். பென் ஸ்டேஷனில் ரயில் ஏறி எடிசன் வந்து இறங்கும் வரை சொல்லிக் கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏன் திரும்பத் திரும்ப அதே தப்பைச் செய்தான் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரயிலில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை சித்தப்பாவுக்காகவும்தான்.

லிவர்மோரை எனக்கு அறிமுகப்படுத்தியது என் வேலை. படித்தது மின்பொறியியலில் முதுகலை. செய்வது வங்கி ஒன்றின் வர்த்தகத் தளத்துக்கு மென்பொருள் எழுதும் வேலை. வர்த்தகர் ஒரு பொத்தானை அமுக்கினால் அவருடைய ஆணை நேராகச் சந்தைக்குப் போய்விடாது. நடுவில் என் குழு எழுதிய நிரல் உட்கார்ந்திருக்கும். இவருக்கு இன்று எவ்வளவு வாங்க அனுமதி, ஏற்கனவே எவ்வளவு நட்டத்தில் இருக்கிறார் என்றெல்லாம் பார்த்து, எல்லை தாண்டினால் ஆணையைத் திருப்பி அனுப்பிவிடும். வர்த்தகர்களுக்கு எங்களைப் பிடிக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமா! அவர்களில் வயதான ஒருவர்தான் ஒரு நாள் பழுப்பேறிய புத்தகம் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, உன் நிரலைவிட இது நன்றாக எழுதப்பட்டது என்று சொல்லிப் போனார். ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர். எட்வின் லெஃபெவ்ர் என்ற பத்திரிகையாளர் 1922ல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் தொடராக எழுதி, 1923ல் புத்தகமாக வந்தது. லாரி லிவிங்ஸ்டன் என்ற வர்த்தகர் தன் கதையைத் தானே சொல்வது போல எழுதப்பட்டிருக்கும். லாரி லிவிங்ஸ்டன் யார் என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். புத்தகம் லிவர்மோருக்குத்தான் சமர்ப்பணம் செய்யப்பட்டிருந்தது.

லிவர்மோர் 1877ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷ்ரூஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா விவசாயி. மண்ணில் கல்தான் அதிகம். பையனுக்குக் கணக்கு மட்டும் அபாரமாக வந்தது. மூன்று வருடக் கணக்குப் பாடத்தை ஒரே வருடத்தில் முடித்ததாகப் புத்தகம் சொல்கிறது. பதினான்கு வயதில் அப்பா பள்ளியிலிருந்து நிறுத்தி வயலுக்கு வரச் சொன்னார். பையனுக்கு இஷ்டமில்லை. அம்மா ரகசியமாகச் சம்மதித்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து அனுப்ப, பாஸ்டனுக்கு ஓடினான். பெய்ன் வெப்பர் என்ற தரகு நிறுவனத்தில் வேலை கிடைத்தது.

என்ன வேலை? அந்த நாள் தரகர் அலுவலகத்தில் ஒரு சுவர் முழுவதும் பெரிய பலகை இருக்கும். ஓரமாக டிக்கர் இயந்திரம் டிக் டிக்கென்று காகித நாடாவைத் துப்பிக் கொண்டிருக்கும். தந்திக் கம்பி வழியாக நியூயார்க் பங்குச்சந்தையின் விலைகள் அந்த நாடாவில் அச்சாகி வரும். ஒருவர் அதைப் பார்த்து உரக்கச் சொல்ல, பையன் ஓடி ஓடிப் பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். நாள் முழுக்க எண்கள்தான். மற்றப் பையன்களுக்கு அது கை வலிக்கும் வேலை. இவனுக்கு எண்கள் ஒவ்வொன்றும் ஆளைப் போல நடந்து கொள்வதாகத் தோன்றியது. ஒரு பங்கு ஏறுவதற்கு முன் எப்படித் தயங்குகிறது, விழுவதற்கு முன் எப்படித் தள்ளாடுகிறது என்று சிறிய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து, தன் ஊகம் பலிக்கிறதா என்று மறுநாள் சரிபார்த்தான். இன்று எங்கள் அலுவலகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பல கணினிகளை வைத்துக் கொண்டு செய்யும் அதே வேலை.

பதினைந்து வயதில் முதல் பந்தயம். 5 டாலர் போட்டு, சிகாகோ பர்லிங்டன் குவின்சி ரயில்வே பங்கில் லாபம் 3 டாலர் 12 சென்ட்.

பந்தயம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவன் போனது பங்குச்சந்தைக்கு இல்லை, பக்கெட் ஷாப் என்று அழைக்கப்பட்ட கடைக்கு. நம் ஊரில் டப்பா டிரேடிங் என்று அவ்வப்போது போலீஸ் பிடிக்கிறதே, ஏறக்குறைய அதுதான். அங்கேயும் பலகை உண்டு, டிக்கர் உண்டு. ஆனால் நீங்கள் வாங்கும் பங்கை யாரும் உண்மையில் வாங்குவதில்லை. 100 டாலர் பங்கு ஒன்றுக்கு 1 டாலர் கட்டினால் போதும். விலை 101 ஆனால் கடைக்காரர் 1 டாலர் தருவார். 99 ஆனால் உங்கள் 1 டாலர் போயிற்று, கணக்கு அந்த நொடியே முடிந்தது. நீங்கள் ஜெயித்தால் கடைக்காரருக்கு நட்டம், தோற்றால் லாபம். பெரும்பாலோர் தோற்பார்கள் என்பதுதான் அவர் மூலதனம்.

இந்தக் கடையின் அமைப்பில் இரண்டு விஷயங்களைக் கவனித்து வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று, பலகையில் என்ன விலை இருக்கிறதோ அதே விலைக்குக் கொடுக்கல் வாங்கல். தாமதமே கிடையாது. இரண்டு, கட்டிய பணத்துக்கு மேல் ஒரு காசு கூட நட்டம் வராது. கட்டிய 1 டாலர் கரைந்ததும் கடைக்காரரே கணக்கை முடித்துவிடுவார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே, திரும்பி வந்துவிடுமே என்று கெஞ்ச வழியில்லை. பையனுக்கு நட்டத்தை வெட்டும் ஒழுக்கத்தை யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடையே அவனுக்காக வெட்டியது.

கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கடைகளில் ஆடினான். 1,000 டாலர் சேர்ந்தபோது கொண்டு போய் அம்மாவிடம் காட்டினான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கடைக்காரர்களுக்கோ இவனையே பிடிக்கவில்லை. ஒவ்வொரு கடையாக விரட்டினார்கள். பொய்ப் பெயரில் போனான், வேறு ஆள் மூலம் ஆடினான். பாஸ்டனில் இனி இடமில்லை என்றானபின், இருபது வயதைத் தாண்டிய நிலையில் நியூயார்க் வந்தான். இனி அவர் என்று எழுதுவதுதான் மரியாதை.

நியூயார்க்கில் அசல் சந்தை. ஆறே மாதத்தில் கையில் இருந்தது எல்லாம் காலி. எப்படி என்று அவருக்கே முதலில் புரியவில்லை. ஊகங்கள் சரியாகத்தான் இருந்தன. தரகரிடமே 500 டாலர் கடன் வாங்கிக் கொண்டு செயின்ட் லூயிஸ் நகரத்துப் பக்கெட் ஷாப்புகளுக்குப் போய், அடையாளம் தெரிந்து விரட்டப்படுவதற்குள் கொஞ்சம் ஜெயித்துத் திரும்பினார். பிறகு 1901. சந்தை தறிகெட்டு ஏறிய வருடம். கையில் ஏறக்குறைய 50,000 டாலர் சேர்ந்தது.

மே 9ஆம் தேதி. நார்தர்ன் பசிபிக் ரயில்வேயைக் கைப்பற்ற ஹாரிமன் ஒரு பக்கமும், ஹில்லும் ஜே.பி. மார்கனும் மறுபக்கமும் போட்டி போட்டு வாங்கியதில் அந்தப் பங்கு 1,000 டாலருக்குப் போனது. கையில் இல்லாத பங்கை விற்றிருந்தவர்கள் - இதைத்தான் ஷார்ட் போவது என்கிறார்கள் - அதைத் திருப்பித் தருவதற்காக மற்ற எல்லாப் பங்குகளையும் வந்த விலைக்குத் தள்ளினார்கள். மற்றவை சரிந்தன. இது நடக்கும் என்று லிவர்மோர் முன்கூட்டியே ஊகித்திருந்தார். முதலில் சரியும், பிறகு சட்டென்று மீளும் என்பது வரை அவர் கணக்கு சரி. காலையில் விற்க ஆணை கொடுத்தார். ஆனால் அன்று டிக்கர் நாடா சந்தைக்கு வெகுவாகப் பின்தங்கி ஓடிக் கொண்டிருந்தது. அவர் பார்த்த விலை எப்போதோ முடிந்து போன விலை. ஆணை தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பங்குகள் அடிமட்டத்தில் இருந்தன. அடிமட்டத்தில் விற்றார். லாபத்தை எடுக்க வேண்டிய நேரத்தில் விலை மேலே போய்விட்டிருந்தது. எல்லாக் கணிப்பும் சரியாக இருந்து, ஒரே நாளில் 50,000 டாலரும் போனது.

இந்த அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாமதம் என்பது எங்கள் தொழிலில் தினசரிச் சொல். ஆணை ஒன்று மைக்ரோ வினாடிகளில் போய்ச் சேர்வதற்காக, சந்தையின் கணினி இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே தங்கள் கணினியையும் வைக்க நிறுவனங்கள் வாடகை கொடுக்கின்றன. திரையில் தெரிவது கடந்த காலம் என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். லிவர்மோர் இருபத்து நான்காவது வயதை எட்டும் முன்பே, சொந்தப் பணத்தைக் கொடுத்து அதைக் கற்றுக் கொண்டார்.

கற்றும் கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். சின்னச் சின்ன அசைவுகளைத் துரத்துவதை விட்டுவிட்டு, பெரிய ஏற்றத்தையும் பெரிய இறக்கத்தையும் கணித்து, பொறுமையாகக் காத்திருக்கப் பழகினார். 1906 ஏப்ரலில் விடுமுறையில் இருந்தபோது, காரணம் எதுவும் சொல்லத் தெரியாமலே யூனியன் பசிபிக் ரயில்வேயை ஷார்ட் விற்றார். உடன் இருந்த நண்பருக்கு வியப்பு. 18ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பூகம்பம். லாபம் 2,50,000 டாலர். இதைப் படித்துவிட்டுப் பூர்வஜென்ம வாசனை, ஏழாம் அறிவு என்றெல்லாம் சிலாகிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சந்தை அப்போது எப்படியும் மிதமிஞ்சி ஏறியிருந்தது என்பது என் எண்ணம். அதே கோடையில் நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு நல்ல பங்கை அவசரப்பட்டு விற்றதில் 40,000 டாலர் வரை லாபத்தைத் தவறவிட்டார். இனி யார் பேச்சையும் கேட்பதில்லை என்று அப்போது எடுத்த முடிவை மனதில் வையுங்கள்.

1907 அக்டோபர் அவருடைய உச்சம் என்று நான் நினைக்கிறேன், 1929 அல்ல. நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற பெரிய நிதி நிறுவனத்தின் வாசலில் 22ஆம் தேதி பணத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் குவிந்தார்கள். அது கதவைச் சாத்தியது. பங்குத் தரகர்களுக்கு அன்றாடம் கடன் கொடுக்கும் பணம் வற்றிப் போனது. 24ஆம் தேதி, பங்குச்சந்தைத் தலைவர் ரான்சம் தாமஸ், ஜே.பி. மார்கனைத் தேடி ஓடினார். உடனே பணம் வராவிட்டால் நாள் முடிவதற்குள் ஐம்பது தரகர்களாவது மூழ்கிவிடுவார்கள் என்ற நிலை. மார்கன் வங்கித் தலைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சில நிமிடங்களில் 2 கோடியே 36 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார். அமெரிக்காவுக்கு அப்போது மத்திய வங்கியே கிடையாது; அந்த வேலையை ஒரு கிழவர் தன் வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் செய்தார். 1913ல் ஃபெடரல் ரிசர்வ் உருவானதற்கு இந்தப் பீதி முக்கியக் காரணம்.

அதே நாளில், இந்தச் சரிவு வரும் என்று கணித்து ஷார்ட் விற்றிருந்த லிவர்மோருக்கு ஒரே நாளில் 10 லட்சம் டாலர் லாபம். மேலும் விற்றால் சந்தை மொத்தமாகவே நொறுங்கலாம். விற்பதை நிறுத்துமாறு மார்கன் தரப்பிலிருந்து அவருக்கு வேண்டுகோள் வந்தது என்பார்கள். அவர் நிறுத்தினார். நிறுத்தியது மட்டுமல்ல, விற்றதையெல்லாம் திரும்ப வாங்கி, மேற்கொண்டும் வாங்கினார். அந்தப் பீதியில் அவர் சம்பாதித்தது 30 லட்சம் டாலர். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, தந்திரமாக வேடம் மாற்றிக் கொண்டு பக்கெட் ஷாப்புகளுக்குள் நுழைந்த பையனிடம், அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கியாளர் தயவு கேட்கிறார். வயது முப்பது.

அடுத்த வருடமே எல்லாம் போனது.

டெடி பிரைஸ் என்ற பருத்தி வர்த்தகர், அந்தத் துறையில் அவருக்குத் தெரியாதது இல்லை என்று பெயர் வாங்கியவர், லிவர்மோருடன் நெருங்கிப் பழகினார். நல்ல பேச்சாளர். பருத்தி விலை ஏறும் என்று புள்ளிவிவரங்களை அடுக்கினார். யார் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்தவர் கேட்டார். வாங்கினார். விலை இறங்கியது. மேலும் வாங்கினார். கையில் கோதுமையும் இருந்தது, அது லாபத்தில் இருந்தது. லாபத்தில் இருந்த கோதுமையை விற்றுவிட்டு, நட்டத்தில் இருந்த பருத்தியை வைத்துக் கொண்டார். வைத்துக் கொண்டது மட்டுமா, இறங்க இறங்க வாங்கி நான்கு லட்சம் பொதிகளுக்கு மேல் சேர்த்தார். பிரைஸ் அந்தச் சமயத்தில் ரகசியமாக விற்றுக் கொண்டிருந்தார் என்பது பிறகு வெளியான செய்தி. ஆனால் லிவர்மோர் புத்தகத்தில் பிரைஸை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. ஒரு வியாபாரி செய்யக் கூடாத தவறு எதுவோ, நட்டத்தை வளர்த்து லாபத்தை வெட்டுவது, அதைத் தெரிந்தே செய்தேன் என்று தன்னைத்தான் சொல்லிக் கொள்கிறார்.

எனக்கு இங்கேதான் அந்தப் பாஸ்டன் கடை ஞாபகம் வருகிறது. பக்கெட் ஷாப்பில் பருத்தி ஒரு புள்ளி இறங்கியதுமே கணக்கு முடிந்திருக்கும். அவருக்கு ஒழுக்கம் இருக்கிறது என்று அவரும் நினைத்தார், மற்றவர்களும் நினைத்தார்கள். அதில் பாதி, கடைச் சுவரில் இருந்த ஒழுக்கம். கடை போனதும் அந்தப் பாதியும் போனது. நியூயார்க்கில், கையில் லட்சக்கணக்கான டாலரும் கேட்டதும் கடன் தரும் தரகர்களும் இருந்த ஆளை, யார் வெட்டி நிறுத்துவது?

பிறகு வந்த வருடங்கள் கொடுமையானவை. சந்தை அசையாமல் கிடந்தது. கடன் ஏறியது. முதல் மனைவி நெட்டி ஜோர்டனிடம் நகைகளை அடகு வைக்கக் கேட்டு அவர் மறுத்ததில் தொடங்கிய மனக்கசப்பு, 1917ல் விவாகரத்தில் முடிந்தது. 1915ல் திவால் மனு கொடுத்தார்.

அதே 1915ல் நடந்த மீட்சிதான் எனக்கு அவரிடம் மிகப் பிடித்த பகுதி. ஒரு தரகர் அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். 500 பங்குகள் வாங்கலாம், ஒரே முறை. தோற்றால் அடுத்த வாய்ப்பு கிடையாது. ஐரோப்பாவில் போர், பெத்லஹேம் ஸ்டீல் ஏறும் என்பது தெளிவு. உடனே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ஒரு பங்கு முதல் முறையாக 100ஐத் தாண்டினால் நிற்காமல் மேலே போகும் என்பது அவர் நோட்டுப் புத்தகக் காலத்துக் கண்டுபிடிப்பு. அது 100ஐ நெருங்கும் வரை ஆறு வாரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். தினமும் ஆசை பிடித்து இழுக்கும் என்பதால், டிக்கர் இருக்கும் அறைப் பக்கமே அதிகம் போகாமல் தவிர்த்தார். கையில் காசில்லை, தலைக்கு மேல் கடன், கண்ணெதிரே பங்கு ஏறுகிறது. ஆறு வாரம்! 98ல் வாங்கினார். அடுத்த ஓரிரு நாளில் 145.

இந்த முறை மட்டும் ஏன் முடிந்தது? தரகர் விதித்த எல்லை, 500 பங்கு, ஒரே வாய்ப்பு. மறுபடியும் யாரோ ஒருவர் அவருக்கு வெளியே ஒரு சுவர் எழுப்பியிருந்தார். சுவர் இருந்தவரை அவரைப் போல ஆட யாராலும் முடியவில்லை.

1917க்குள் பழைய கடன்காரர்கள் எல்லோருக்கும் முழுத் தொகையும் கொடுத்தார். திவால் சட்டப்படி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1918ல் டாரதி வெண்ட் என்ற மேடை நடிகையை மணந்தார். 1919ல் ஒரு மகன், 1922ல் இன்னொருவன். லாங் ஐலண்டில் மாளிகை. ஐந்தாம் அவென்யூவில் ஹெக்ஷர் கட்டடத்தில் பெயர்ப்பலகை இல்லாத அலுவலகம், உள்ளே பலகையில் விலை எழுத ஆட்கள், சந்தை நேரத்தில் பேச்சு கூடாது. பாஸ்டன் சாக்பீஸ் பையன் இப்போது மற்றவர்களை எழுத வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். பிக்லி விக்லி மளிகைக் கடைப் பங்கு விவகாரம், சிகாகோவில் ஆர்தர் கட்டனுடன் நடந்த கோதுமைச் சண்டை எல்லாம் இந்தக் காலம்தான். தனித்தனிக் கட்டுரை எழுதலாம்.

இங்கே சொல்ல வேண்டியது வேறு. கடன் தீர்ந்து பணம் சேர்ந்ததும் தனக்காக ஒரு தொகையை ஆண்டுத் தொகையாக வரும்படி ஒதுக்கினார். மணமானதும் மனைவி பேரில் ஒரு அறக்கட்டளை, மகன் பிறந்ததும் அவன் பேரில் ஒன்று. இதில் என்ன அதிசயம், எல்லோரும் செய்வதுதானே என்று நினைப்பீர்கள். அவர் காரணம் சொல்கிறார். தனக்குத் தெரிந்த பலர் இப்படி மனைவி பேரில் ஒதுக்கிவிட்டு, சந்தையில் நெருக்கடி வந்ததும் மனைவியிடம் கொஞ்சிப் பேசிக் கையெழுத்து வாங்கி அந்தப் பணத்தையும் தொலைத்தார்களாம். ஆகவே தான் ஆசைப்பட்டாலும், மனைவியே ஆசைப்பட்டாலும், யாராலும் தொட முடியாதபடி எழுதி வைத்தேன் என்கிறார். சந்தையை நம்பாமல் அல்ல, தன்னை நம்பாமல். நான் நாள் முழுக்க எழுதுகிற நிரல் இதுதான்! வர்த்தகர் நிதானத்தில் இருக்கும்போது போட்ட எல்லையை, அவர் நிதானம் இழந்த நேரத்தில் அவராலேயே மாற்ற முடியாமல் செய்வது. அவர் அன்றே அதை எழுதி வைத்திருக்கிறார்.

அதை வீட்டுப் பணத்துக்குச் செய்தவர், சந்தைப் பணத்துக்குச் செய்யவில்லை. செய்யத் தோன்றாமல் இருந்திருக்காது. ஆனால் அதைச் செய்துவிட்டால் அவர் லிவர்மோர் இல்லை.

1929 எல்லோருக்கும் தெரிந்த கதை. தான் விற்பது வெளியே தெரியாமலிருக்க ஏராளமான தரகர்கள் மூலம் பிரித்துப் பிரித்து ஷார்ட் விற்றார். அக்டோபர் 24ல் 1 கோடியே 29 லட்சம் பங்குகளும் 29ல் 1 கோடியே 64 லட்சம் பங்குகளும் கைமாறின. நாடா மணிக்கணக்கில் பின்தங்கியது. சந்தை முடிந்த பிறகும் இரவு வரை டிக்கர் ஓடிக் கொண்டே இருந்தது. 1901ல் அவரைக் கவிழ்த்த அதே தாமதம், இந்த முறை வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான சாதாரண மக்களைக் கவிழ்த்தது. தங்களிடம் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று அன்று இரவு வரை அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சரிவில்தான் அந்த 10 கோடி. சரிவுக்கே இவர்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுத, கொலை மிரட்டல்கள் வந்தன. மெய்க்காப்பாளர் வைத்துக் கொள்ள வேண்டியிருந்தது.

1932ல் டாரதியுடன் விவாகரத்து. அவருக்குப் போன மாளிகை அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டு, இடிக்கப்பட்டது. 1933ல் ஹேரியட் மெட்ஸ் நோபிளுடன் திருமணம். 1934 மார்ச்சில் மறுபடி திவால். சொத்து 84,000 டாலர், கடன் 25 லட்சம் டாலர் என்று மனு. பத்துக் கோடி, ஐந்தே வருடத்தில். சிகாகோ சந்தையில் அவருடைய உறுப்பினர் உரிமையும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே 1934ல் பங்குச்சந்தையைக் கண்காணிக்க அரசு ஆணையம் ஒன்று அமைந்து, அவர் பழகிய ஆட்டத்தின் பல தந்திரங்கள் சட்டவிரோதமாயின. 1935ல் டாரதி மதுபோதையில் மூத்த மகனைச் சுட்டுவிட்டார். பையன் பிழைத்தான்.

1940 மார்ச்சில் தன் பெயரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹவ் டு டிரேட் இன் ஸ்டாக்ஸ். அதில் விதிகள் இருக்கின்றன. நட்டத்தில் இருப்பதில் மேலும் பணம் போடாதே, பிறர் பேச்சைக் கேட்டு வாங்காதே, காத்திரு. எல்லாம் சரியான விதிகள். தன்னால் கடைப்பிடிக்க முடியாமல் போனவற்றை வரிசையாக எழுதினார் என்றுதான் எனக்குப் படுகிறது. புத்தகம் சரியாக விற்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஷெர்ரி நெதர்லாண்ட். குறிப்பேட்டில் மனைவிக்கு எழுதியது, போராடிச் சலித்துவிட்டது, தன் வாழ்க்கை தோல்வி என்ற பொருளில் இருந்தது. மூத்த மகன் 1975ல் தன் உயிரைத் தானே எடுத்துக் கொண்டார். பேரன் ஒருவரும் 2006ல் அப்படியே.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். ரயிலில் நான் பதில் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021ல், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்து கொண்டு, எல்லோரும் பணம் பண்ணிக் கொண்டிருந்த வருடத்தில், ஊரில் அப்பா அம்மாவின் வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்த பணத்தில் மின்சார வண்டிக் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கினேன். பத்து சதவீதம் இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்று என் நோட்டில் எழுதியும் வைத்தேன். பத்து இறங்கியது. அலுவலகத்தில் பிறருடைய ஆணைகளைத் திருப்பி அனுப்பும் நிரலைச் சரிபார்த்துக் கொண்டே, இன்னொரு திரையில் மேலும் வாங்கினேன். முப்பது இறங்கியபோதும் வாங்கினேன். லாபத்தில் இருந்த ஒரே பங்கை விற்று அந்தப் பணத்தையும் இதில் போட்டேன். 2022 முடிவதற்குள் மாடி போய்விட்டது. லிவர்மோர் புத்தகத்தை அதற்கு முன்பே இரண்டு முறை படித்திருந்தேன். பருத்தி அத்தியாயத்தில் கோடு கூடப் போட்டிருந்தேன். மனைவிக்கு நான்கு மாதம் கழித்துத்தான் சொன்னேன். அப்பாவிடம் சிமென்ட் விலை இறங்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மனைவி மாற்றிவிட்டாள். லிவர்மோரின் பத்திரம் போல அவ்வளவு கெட்டியான ஏற்பாடு இல்லை இது. சென்ற மாதம் இரண்டு முறை நயமாகக் கேட்டுப் பார்த்தேன். முதல் முறை சிரித்தாள். இரண்டாம் முறை சிரிக்கவில்லை.